டர்போ கார் சூடேறுகிறதா? எப்போது ஏறுகிறது என்பதை முதலில் பாருங்கள்

“வண்டி ஹீட் ஆகுது” என்று மட்டும் சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தால் ஒர்க்‌ஷாப்பில் என்ன நடக்கும் என்பது ஊரறிந்த விஷயம். கூலண்டை மாற்றுவார்கள். கூலண்ட் ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றித் தூக்கிப் போடுவார்கள். ரேடியேட்டர் ஃபேனுக்கு நேராக ஒரு வயர் இழுத்து டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு சுவிட்ச் வைப்பார்கள். பில்லைக் கட்டி வண்டியை எடுத்து வருவீர்கள். அடுத்த முறை கொல்லிமலை ஏறும்போது, டேஷ்போர்டில் சூட்டைக் காட்டும் முள் மறுபடியும் மேலே போகும்.

சூடு எப்போது ஏறுகிறது? சிக்னலில் நிற்கும்போதா, நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போதா, மேட்டில் மிதிக்கும்போதா, அணைத்த பிறகா? இதற்கு உறுதியான பதில் கையில் இருந்தால், தேட வேண்டிய இடம் வெகுவாகக் குறைந்துவிடும். கீழே அந்த வரிசையில்தான் எழுதியிருக்கிறேன். உங்கள் வண்டியின் அறிகுறி எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். முள்ளைப் பற்றிய பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

டர்போ இல்லாத இன்ஜினில் ரேடியேட்டர், ஃபேன், பம்ப், தெர்மோஸ்டாட், கேஸ்கட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்கும் இடையில் உள்ள தகடு) என்று பார்த்தாலே பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். டர்போவில் கணக்கு வேறு. இன்ஜினிலிருந்து வெளியேறும் புகைதான் டர்போவின் ஒரு பக்கத்தில் உள்ள டர்பைன் சக்கரத்தைச் சுழற்றுகிறது. முழுதாக மிதிக்கும்போது அந்தப் புகையின் சூடு டீசலில் 700, 800 டிகிரி வரை போகும். பெட்ரோலில் 900 டிகிரியைத் தாண்டும். நடுவில் உள்ள தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. அதைக் காப்பது இன்ஜின் ஆயில்; பல வண்டிகளில் கூலண்டும் சேர்ந்து. மறுபக்கம், அந்தத் தண்டின் சுழற்சியால் அமுக்கப்பட்ட காற்று 100 டிகிரிக்கு மேல் சூடாகி வெளிவர, இன்டர்கூலர் அதை ஆற்றி உள்ளே அனுப்புகிறது. முன் பம்பருக்குப் பின்னால் இன்டர்கூலர், ஏசி கண்டென்சர், ரேடியேட்டர் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் வண்டிகளில், ரேடியேட்டருக்கு வந்து சேர்வதே ஏற்கெனவே சூடான காற்றுதான். சின்ன இன்ஜின், பெரிய பலம், இடுங்கிய பானட் என்று எல்லாம் சேர்ந்துகொள்வதால், டர்போ இல்லாத வண்டி பொறுத்துக்கொள்ளும் சிறு குறையை டர்போ வண்டி பொறுத்துக்கொள்ளாது.

முள் இப்போதே சிவப்பில் நிற்கிறது என்றால்

ஏசியை அணையுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில், ப்ளோயரை முழு வேகத்தில் வையுங்கள். மே மாதத்தில் இது கொடுமைதான். ஆனால் ஹீட்டர் காயிலும் ஒரு குட்டி ரேடியேட்டர். கொஞ்சம் சூட்டை வெளியே இழுக்கும். ஓரம் கட்டுங்கள்.

அப்புறம் இன்ஜினை உடனே அணைப்பதா, ஐடிலில் (மிதிக்காமல் சும்மா ஓட) விடுவதா என்பதில்தான் பலர் குழம்புகிறார்கள். ஆவி வரவில்லை, கீழே ஒழுகவில்லை, ஃபேன் சுற்றுகிறது என்றால் ஓரிரு நிமிடம் ஐடிலில் விடுங்கள். முள் இறங்கும், டர்போவும் ஆறும். ஆவி கிளம்புகிறது, கூலண்ட் கொட்டுகிறது, சிவப்பு விளக்கு எரிகிறது, அல்லது ஐடிலிலும் முள் ஏறிக்கொண்டே போகிறது என்றால் யோசிக்காமல் அணைத்துவிடுங்கள். “டர்போ வண்டியை உடனே ஆஃப் பண்ணக் கூடாது” என்ற பாடம் கூலண்ட் உள்ள இன்ஜினுக்குச் சொன்னது. கூலண்ட் இல்லாமல் இரண்டு நிமிடம் ஓட்டினால் ஹெட் வளைந்துவிடும்.

கூலண்ட் மூடியைத் தொடாதீர்கள். அழுத்தத்தில் இருப்பதால்தான் கூலண்ட் 110 டிகிரியிலும் கொதிக்காமல் கிடக்கிறது. மூடியைத் திருகினால் அந்த நொடியே கொதித்து முகத்தில் அடிக்கும். முக்கால் மணி நேரமாவது காத்திருந்து, மேல் ஹோஸைத் துணி வைத்து அமுக்கிப் பாருங்கள். அமுங்கவில்லை என்றால் உள்ளே இன்னும் அழுத்தம் இருக்கிறது. சூடான இன்ஜின் மேல் வாளித் தண்ணீரைக் கொட்டுவதும், உள்ளே பச்சைத் தண்ணீர் ஊற்றுவதும் ஹெட்டிலோ பிளாக்கிலோ விரிசல் விழ வழி. நன்றாக ஆறிய பிறகே ஊற்ற வேண்டும்.

முள்ளை நம்பலாமா?

முழுதாக நம்ப முடியாது. ஓட்டுபவர் பயப்படக் கூடாது என்பதற்காக, பல கார்களில் சுமார் 80 டிகிரி முதல் 105 டிகிரி வரை முள் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். அது அசைகிறது என்றால் விஷயம் ஏற்கெனவே முற்றிவிட்டது என்று பொருள். இன்னும் சில கார்களில் முள்ளே கிடையாது; நீல விளக்கு, சிவப்பு விளக்கு, அவ்வளவுதான்.

அதனால் ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி சாக்கெட்டில் (வண்டியின் கம்ப்யூட்டர் தகவலைப் படிக்கும் இணைப்பு) செருகும் புளூடூத் டாங்கிள் ஒன்று வாங்கிவிடுங்கள். விலை மலிவு, போனில் ஒரு ஆப் போதும். கூலண்ட் வெப்பம், உள்ளே போகும் காற்றின் வெப்பம் என்று இரண்டு எண்களைப் பார்த்துப் பழகுங்கள்.

முதல் சோதனை காலையில். இரவு முழுதும் நின்ற வண்டியில் இன்ஜினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். கூலண்ட், காற்று, வெளி வெப்பம் மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். வெளியே 28 இருக்கும்போது கூலண்ட் 60 என்று காட்டினால், பொய் சொல்வது சென்சார் அல்லது அதன் வயர். இன்ஜின் மேல் பழி போட வேண்டாம். குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பிய உடனே ஃபேன் முழு வேகத்தில் அலறினாலும் சென்சார் பக்கம் பாருங்கள். சென்சாரிலிருந்து தகவல் வராவிட்டால் பாதுகாப்புக்காக ஃபேனை ஓடவிடும் கார்கள் நிறைய உண்டு.

ஓடும்போது 85 முதல் 105 வரை எங்கே நிற்கும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். நெரிசலில் 100-ஐ ஒட்டி ஏறி, ஃபேன் சுற்றியதும் 95-க்கு இறங்கி, மறுபடி ஏறுவது ஆரோக்கியமான இன்ஜினின் நடை. வண்டி நன்றாக இருக்கும் காலத்திலேயே இதைப் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

முள் அசையும் முன்பே வரும் இரண்டு அறிகுறிகளையும் சொல்லிவிடுகிறேன். சூடு எல்லை தாண்டினால் பல கார்களில் இசியூ, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர், முதலில் ஏசி கம்ப்ரெசரை நிறுத்தும். அப்புறம் டர்போவின் அழுத்தத்தைக் குறைக்கும். ஏசியில் திடீரென்று அனல் காற்று, மேட்டில் பிக்கப் இல்லை, கொஞ்ச நேரம் நின்றால் இரண்டும் சரியாகிறது. ஏசியில் கேஸ் இல்லை என்று நினைத்து கேஸ் நிரப்பப் போகிறவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். ஸ்கேனரில் பி 0217 (P0217) என்ற பிழைக் குறியீடு வந்திருந்தால் இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடானதை இசியூ பதிவு செய்திருக்கிறது. பி 0117, பி 0118 என்றால் சென்சார் சுற்று. பி 0480 என்றால் ஃபேன் சுற்று.

நின்றால் ஏறுகிறது, ஓடினால் இறங்குகிறது

கத்திப்பாரா நெரிசலில் முள் ஏறி, ஜிஎஸ்டி சாலையில் வேகமெடுத்ததும் இறங்கினால் கூலண்ட் ஓட்டம் சரிதான், காற்றுதான் போதவில்லை. ஃபேனைப் பாருங்கள்.

இன்ஜினைக் கிளப்பி ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் சில நொடிகளில் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் ஃபியூஸ். ஃபியூஸ் நல்லது என்றால் ரிலே. அதே எண் போட்ட வேறு ரிலே பெட்டியில் இருந்தால் மாற்றிச் செருகிப் பாருங்கள். அடுத்து ஃபேன் கனெக்டரைப் பிரியுங்கள். பின் கறுத்து, பிளாஸ்டிக் உருகியிருந்தால் குற்றவாளி அதுதான். எல்லாம் சரி என்றால் பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு நேராக 12 வோல்ட் கொடுங்கள். சுற்றினால் வயரிங்கிலோ கட்டுப்பாட்டிலோ கோளாறு, சுற்றாவிட்டால் மோட்டார். ஒரு குச்சியால் மோட்டாரின் முதுகில் லேசாகத் தட்டியதும் சுற்ற ஆரம்பித்தால் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நாள்தான் அதன் ஆயுள்.

இரண்டு வேகம் உள்ள ஃபேனில், குறைந்த வேகத்துக்கான ரெசிஸ்டர் எரிந்து போவது சகஜம். அப்போது ஃபேன் சாதாரணமாகச் சுற்றாமல் கிடந்து, 105-ஐ நெருங்கியதும் திடீரென்று பேரிரைச்சலோடு கிளம்பும். “ஃபேன் சுத்துதே” என்று விட்டுவிடக் கூடாது.

சுற்றுகிறது, ஆனால் இழுக்கிறதா? ஒரு தாளை முன் கிரில்லில் வையுங்கள். ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கீழே விழுந்தால் மோட்டார் சோர்ந்துவிட்டது. தாளை வெளியே தள்ளினால், மோட்டார் மாற்றியபோது வயரை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறது. நம்ப மாட்டீர்கள், இது நடப்பதுதான். நின்றால்தான் தெரியும் என்பதால் பல மாதம் யாரும் கண்டுகொள்வதில்லை.

பெரிய எஸ்யூவிகளில் பெல்ட்டில் சுற்றும் விஸ்கஸ் ஃபேன் (சூடேறினால் இறுகும் கிளட்ச் வழியாகச் சுழல்வது) இருக்கலாம். இன்ஜின் நல்ல சூட்டில் இருக்கும்போது அணைத்துவிட்டு, கையால் ஃபேனைச் சுண்டுங்கள். இறுக்கமாக நிற்க வேண்டும். தடையில்லாமல் இரண்டு மூன்று சுற்று சுற்றினால் உள்ளே இருந்த சிலிக்கான் ஆயில் ஒழுகிவிட்டது. கிளட்ச் நடுவில் எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி படிந்திருக்கும்.

ஃபேன் நன்றாகவே இருக்கிறது என்றால் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் டார்ச் அடித்துப் பாருங்கள். முன்னாலிருந்து பார்த்தால் சுத்தமாகத் தெரியும். இடுக்கில் மண், பஞ்சு, பூச்சி, காய்ந்த புல் எல்லாம் சேர்ந்து கம்பளமாகப் படிந்திருக்கும். இதைக் கழுவ ஹை பிரஷர் கன் வேண்டாம். மெல்லிய ஃபின்கள் மடிந்து, இருந்த வழியும் அடைபடும். சாதாரண ஹோஸ் தண்ணீரை இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக விடுங்கள்.

ஃபேனுக்கு நேராக வயர் இழுக்கும் டைரக்ட் வயரிங் பற்றி என் கருத்து: மலையில் மாட்டிக்கொண்டால் வீடு வந்து சேர அது போதும். அதையே நிரந்தரமாக விடுவது தவறு. ஃபேன் ஏன் வரவில்லை என்ற கேள்வி அப்படியே இருக்கும். சுவிட்சைப் போட மறக்கும் ஒரு நாள் கட்டாயம் வரும்.

100 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஏறுகிறது, மெதுவாகப் போனால் சரியாகிறது

இது நேர் எதிர். காற்று தாராளமாக வருகிறது, கூலண்ட் போதுமான அளவு ஓடவில்லை. முதல் சந்தேகம் ரேடியேட்டரின் உள் அடைப்பு. போர் தண்ணீரை வருஷக்கணக்கில் ஊற்றினால், பாத்திரத்தில் படியும் அதே உப்பு குழாய்களிலும் படியும். ஒழுகலை நிறுத்த ஸ்டாப் லீக் பவுடர் போட்டவர்கள், லாரிக்காரர்கள் பார்த்து மஞ்சள் தூள் போட்டவர்கள் எல்லோருக்கும் இதே கதிதான். ஓட்டையை அடைக்கும் பொடி, ஓட்டை எது குழாய் எது என்று பார்க்காது. டர்போவுக்குப் போகும் கூலண்ட் குழாய் சுண்டு விரல் கனம்தான் இருக்கும். அது அடைபட்டால் செலவு ரேடியேட்டரோடு நிற்காது.

இன்ஜின் சூடானதும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை ரேடியேட்டர் முழுதும் ஓட்டிப் பாருங்கள். சூடு ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குச் சீராகக் குறைய வேண்டும். நடுவில் ஒரு பட்டை மட்டும் குளிர்ந்து கிடந்தால் அந்தக் குழாய்களில் ஓட்டமே இல்லை. பழைய செம்பு ரேடியேட்டரை ரேடியேட்டர் கடையில் கம்பி விட்டுச் சுத்தம் செய்து தருவார்கள். இப்போது வரும் அலுமினியம், பிளாஸ்டிக் டேங்க் ரேடியேட்டரில் அந்த வேலைக்கு அவ்வளவாக இடமில்லை, மாற்றுவதே மேல்.

தெர்மோஸ்டாட்டைச் சோதிக்க அடுப்படி போதும். பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, வால்வை நூலில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு சூடாக்குங்கள். அதன் மேல் அச்சிட்ட எண்ணில், உதாரணமாக 82 அல்லது 88-இல், திறக்கத் தொடங்கும். அதற்குமேல் பத்துப் பன்னிரண்டு டிகிரியில் முழுதாகத் திறந்திருக்க வேண்டும். பாதியில் சிக்கிக்கொள்ளும் வால்வு ஊருக்குள் ஓட்டும்போது எந்தத் தொல்லையும் தராது. வேகத்தில்தான் மாட்டிவிடும். இசியூ கட்டுப்படுத்தும் மின் தெர்மோஸ்டாட்டுக்கு மட்டும் இந்தச் சோதனை பொருந்தாது.

கழற்றிப் போடுவது பற்றி. “நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்” என்பார்கள். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியை அடைக்கவும் செய்கிறது. அதை எடுத்துவிட்டால் கூலண்டில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் இன்ஜினுக்குள் சுற்றும்; சூடு கூடத்தான் செய்யும். மற்ற இன்ஜின்களில் சூடே ஏறாது. இசியூ இன்னும் இன்ஜின் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்து எரிபொருளைக் கூட்டும், மைலேஜ் விழும், ஆயிலில் பெட்ரோல் கலக்கும். பி 0128 என்ற பிழைக் குறியீடு வருவது இதனால்தான். புது வால்வைப் போட்டுவிடுங்கள்.

கீழ் ஹோஸையும் பாருங்கள். பம்ப் உறிஞ்சும் பக்கம் அது. ஒருவரை இன்ஜினை 3000 ஆர்பிஎம்மில் (நிமிடச் சுற்று) பிடிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் ஹோஸைக் கவனியுங்கள். சப்பையாக உள்ளே ஒட்டினால் ரப்பர் தளர்ந்துவிட்டது. வாட்டர் பம்பில் அடியில் உள்ள சிறு துளையில் காய்ந்த கூலண்ட் தடம் இருந்தால் சீல் போய்விட்டது. பிளாஸ்டிக் இம்பெல்லர் உள்ள பம்பில் இன்னொரு வகைக் கோளாறு வரும்: வெளியே ஒரு சொட்டு ஒழுகாது, புல்லி ஒழுங்காகச் சுற்றும், உள்ளே இம்பெல்லர் உடைந்தோ தண்டிலிருந்து தளர்ந்தோ சும்மா நிற்கும். மற்ற எல்லாம் சரியாக இருந்தும் வேகத்தில் சூடேறினால் பம்பைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். டைமிங் பெல்ட்டில் ஓடும் பம்ப் என்றால் பெல்ட்டோடு சேர்த்து மாற்றுங்கள், கூலி ஒன்றுதான்.

முன்னால் லேசாக இடித்துச் சரிசெய்த வண்டியா? ரேடியேட்டரைச் சுற்றிக் காற்றைத் திருப்பும் பிளாஸ்டிக் தகடுகளும் அடித் தட்டும் மறுபடி மாட்டப்பட்டிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். அவை இல்லாவிட்டால் காற்று ரேடியேட்டருக்குள் நுழையாமல் பக்கவாட்டில் நழுவிவிடும்.

மேட்டில் மிதித்தால் மட்டும் ஏறுகிறது

டர்போ வண்டிக்கே உரிய அறிகுறி இது.

பானட்டைத் திறக்கும் முன் கியரைப் பாருங்கள். டர்போ டீசல் 2000 ஆர்பிஎம்முக்குக் கீழேயே முழு இழுவையைக் கொடுத்துவிடும். அதனால் மூன்றாம் கியரில் 1500-இல் உறுமிக்கொண்டே மலை ஏறுகிறோம், வண்டியும் ஏறுகிறது. ஆனால் எரிபொருள் முழு அளவில் எரிய, கிராங்கில் சுற்றும் வாட்டர் பம்ப் ஆமை வேகத்தில் சுற்றுகிறது; 25 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்றும் இல்லை. இரண்டாம் கியருக்கு இறங்கி 2500, 3000-இல் ஏறுங்கள். சத்தம் கூடும், சூடு இறங்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் வால்பாறையின் 40-ஐயும் ஏற இதுதான் வழி. கியர் மாற்றியதும் முள் சரியாகிவிட்டால் பெரிய கோளாறு இல்லை. அதற்குப் பிறகும் ஏறினால் தொடருங்கள்.

அடுத்த சந்தேகம் பூஸ்ட் ஒழுகல், அதாவது டர்போ அமுக்கிய காற்று வழியிலேயே கசிவது. டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும் அங்கிருந்து இன்ஜினுக்கும் போகும் ரப்பர் குழாயில் ஒரு வெடிப்பு, அல்லது நழுவிய ஒரு கிளிப். காற்று வெளியே போகப் போக, கேட்ட அழுத்தத்தைக் கொடுக்க டர்போ கூடுதலாகச் சுழல்கிறது. வெளிவரும் காற்று இன்னும் சூடு, எரிவு சரியில்லாமல் புகையும் இன்னும் சூடு. மிதிக்கும்போது ‘உஸ்’ என்ற இரைச்சல், டீசலில் கறும்புகை, ஸ்கேனரில் பி 0299 மூன்றும் சேர்ந்தால் சந்தேகமே வேண்டாம். நிற்கும் வண்டியில் அந்த வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது. குழாயைக் கையால் முறுக்கி, வளைவின் உட்புறத்தைப் பாருங்கள். இணைப்புகளில் புதிதாக எண்ணெய் ஈரம் படிந்து, அதன்மேல் தூசி ஒட்டியிருந்தால் அந்த இடத்தில்தான் ஒழுகுகிறது. ஸ்மோக் மெஷின் உள்ள ஒர்க்‌ஷாப் என்றால் பத்து நிமிட வேலை. இல்லாவிட்டால் குறைந்த அழுத்தத்தில் காற்றை ஏற்றிச் சோப்புத் தண்ணீர் அடியுங்கள்.

குழாய்கள் நல்லபடி இருந்தால் இன்டர்கூலர். சீராக 80 கிலோமீட்டர் வேகத்தில் கொஞ்ச தூரம் ஓட்டி, ஓபிடியில் காற்றின் வெப்பத்தைப் பாருங்கள். வெளி வெப்பத்தை விட 10, 20 டிகிரி கூட இருந்தால் சரி. சமதளத்திலேயே 40 டிகிரி கூட நின்றால் இன்டர்கூலர் வெளியே மண்ணால் அடைந்திருக்கிறது, அல்லது உள்ளே டர்போ ஆயில் தேங்கியிருக்கிறது. கவனம்: சில வண்டிகளில் அந்தச் சென்சார் டர்போவுக்கு முன்னால், ஏர் ஃபில்டர் பக்கத்தில் இருக்கும். அந்த எண் இன்டர்கூலரைப் பற்றி எதுவும் சொல்லாது. அப்போது இன்டர்கூலரின் இரு முனைக் குழாய்களையும் இன்ஃப்ராரெட்டில் ஒப்பிட வேண்டும். சிறிய பெட்ரோல் டர்போக்களில் தண்ணீரால் ஆறும் இன்டர்கூலரும், அதற்கென்று தனியாக ஒரு சின்ன மின் பம்பும் இருக்கலாம். அந்தப் பம்ப் நின்றால் கூலண்ட் வெப்பம் சாதாரணமாக இருக்கும். பிக்கப் மட்டும் செத்துவிடும்.

புகை வெளியேறும் வழியில் அடைப்பு இருந்தாலும் இதே கதைதான். உருகிய கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (புகையைச் சுத்தம் செய்யும் பாகம்), நிரம்பிய டிபிஎஃப் (டீசல் புகையின் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) இரண்டும் சூட்டை டர்போவிலேயே தேக்கி வைக்கும். ஆர்பிஎம் ஓர் அளவுக்கு மேல் ஏற மறுக்கும். பெட்ரோல் டர்போவில் டேங்க் மூடியில் போட்டிருக்கும் ஆக்டேனை விடக் குறைந்த பெட்ரோலைப் போட்டால், நாக்கிங்கை (எரிபொருள் தாறுமாறாக வெடிப்பதை) தவிர்க்க இசியூ இக்னிஷனைப் பின்தள்ளும். அதனால் புகையின் சூடு கூடும். ரீமேப் செய்த (இசியூவின் மென்பொருளை மாற்றிப் பலத்தைக் கூட்டிய) வண்டிக்காரர்களிடம் ஒன்றுதான் கேட்க இருக்கிறது: பூஸ்டைக் கூட்டினீர்கள், ரேடியேட்டரைக் கூட்டினீர்களா? ஆயில் அளவையும் டிப்ஸ்டிக்கில் பார்த்துவிடுங்கள். டர்போவுக்கு முதல் குளிர்விப்பான் அதுதான்.

கீழே ஒரு சொட்டு இல்லை, கூலண்ட் டப்பாவில் மட்டும் குறைகிறது

ஹெட் கேஸ்கட் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை மலிவானவை.

முதலில் மூடி. அதன் மேல் 1.1, 1.4 என்று பார் கணக்கில் எண் இருக்கும். அந்த அழுத்தம்தான் கொதிநிலையை உயர்த்திப் பிடிக்கிறது. பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட், அழுத்தமில்லாமல் 106 டிகிரியைத் தாண்டியதும் கொதிக்கும். 1 பார் மூடியோடு 125-ஐத் தாண்டியும் கொதிக்காது. மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தால் கூலண்ட் ஆவியாகிச் சத்தமில்லாமல் வெளியே போய்விடும். ஊட்டியில் இது இன்னும் மோசம். 2200 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தமே குறைவு, திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதிக்கும். கோவையில் சமாளித்த மூடி அங்கே கைவிடும். எதைக் கழற்றுவதற்கும் முன்னால் மூடியை மாற்றுங்கள்.

இரண்டாவது, டர்போவுக்குப் போகும் கூலண்ட் குழாய். அதை இணைக்கும் பான்ஜோ போல்ட் (நடுவில் துளையுள்ள போல்ட்), அந்த இணைப்பின் இருபக்கமும் செம்பு வாஷர் இருக்கும். அங்கே கசியும் துளி சூடான டர்போவின் மேல் விழுந்து, தரைக்கு வரும் முன்னே ஆவியாகிவிடும். கண்ணுக்குத் தெரிவது தடம் மட்டுமே: வெள்ளை, இளஞ்சிவப்பு, பச்சை என்று கூலண்டின் நிறத்தில் காய்ந்த பொருக்கு. வண்டியை நிறுத்தியதும் பானட்டருகே வெல்லம் காய்ச்சுவது போல ஓர் இனிப்பு வாடை வந்தால் இதைத் தேடுங்கள். குளிர்ந்த இன்ஜினில், டார்ச்சும் சின்னக் கண்ணாடியுமாகப் பாருங்கள். பிரஷர் டெஸ்டர் இருந்தால் மூடியில் உள்ள எண் வரை அழுத்தம் ஏற்றி அரை மணி நேரம் விடுங்கள். மீட்டர் இறங்கக் கூடாது. இதையும் குளிர்ந்த நிலையில்தான் செய்ய வேண்டும். சூட்டில் உலோகம் விரிந்து கசிவு மறைந்துவிடும். வாஷரைப் புதிதாகப் போடுங்கள், பழையதைத் திருப்பிப் போட்டுச் சமாளிக்க வேண்டாம்.

மூன்றாவது, டீசலில் இஜிஆர் கூலர், அதாவது வெளியேறும் புகையில் ஒரு பங்கை ஆற்றி மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் பாகம். அதன் உள்சுவரில் விரிசல் விழுந்தால் கூலண்ட் புகையோடு போய்விடும். காலையில் கிளப்பியதும் கொஞ்ச நேரம் வெண்புகை, அப்புறம் தெளிவு. ஹெட் கேஸ்கட் போனாலும் இதே புகைதான் வரும் என்பதால் தேவையில்லாமல் ஹெட்டைக் கழற்றிவிடுகிறார்கள். இஜிஆர் கூலரின் வெளிவாயைக் கழற்றிப் பாருங்கள். கரி அப்பியிருக்க வேண்டிய இடம் ஈரமாகவோ கழுவிவிட்டது போலவோ இருந்தால் விடை அங்கேதான்.

டப்பாவில் ஆயில் மிதக்கிறது, ஆனால் டிப்ஸ்டிக்கில் பால் நிறம் இல்லை என்றால் ஆயில் கூலரைச் சந்தேகியுங்கள். ஓடும்போது ஆயில் அழுத்தம் கூலண்டை விட அதிகம் என்பதால் ஆயில்தான் இந்தப் பக்கம் வரும். முன் சீட்டுக் கார்ப்பெட் ஈரமாக இருந்தால் ஹீட்டர் காயில்.

இத்தனைக்கும் பிறகுதான் கேஸ்கட். குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பி ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் விறைத்தால், டப்பாவில் நிற்காமல் குமிழி வந்தால், இரவு கழிந்தும் ஹோஸில் அழுத்தம் இறங்காமல் இருந்தால் சிலிண்டர் வாயு கூலண்டுக்குள் நுழைகிறது. உறுதி செய்ய பிளாக் டெஸ்டர்: டப்பா வாயில் வைத்து உறிஞ்சினால், எரிந்த வாயு இருக்கும்போது அதிலுள்ள நீலத் திரவம் நிறம் மாறும். டர்போ வண்டியில் இதை ஐடிலில் மட்டும் பார்த்துவிட்டு நல்லது என்று சொல்லிவிட முடியாது. பூஸ்ட் ஏறும்போது மட்டும் வாய் திறக்கும் கேஸ்கட்டுகள் உண்டு. ஒரு மேட்டில் நன்றாக மிதித்து ஏறி வந்து, மூடியைத் திறக்கும் அளவு ஆறியதும் சோதியுங்கள்.

முள் தாறுமாறாக ஆடுகிறது, ஹீட்டரில் குளிர்ந்த காற்று

கூலண்ட் மாற்றிய மறுநாள் இது வந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. டேஷ்போர்டுக்குள் ‘குளுகுளு’ என்று சத்தம் கேட்கும். வண்டியின் முன்பக்கத்தை உயர்த்தி நிறுத்துங்கள். ஹீட்டர் முழுச் சூட்டில் இருக்கட்டும். ப்ளீட் ஸ்க்ரூ இருந்தால் குமிழி இல்லாமல் கூலண்ட் வரும்வரை அதைத் திறந்து வைத்து நிரப்புங்கள். மின் பம்ப் உள்ள சில வண்டிகளில் ஸ்கேனர் வழியாகப் பம்பை ஓடவிட்டுத்தான் காற்றை எடுக்க முடியும். காற்று எடுத்தும் சில நாளில் திரும்ப வந்தால் முந்தைய பகுதியைப் படியுங்கள்.

அணைத்த பிறகும் ஃபேன் ஓடுகிறது

பெரும்பாலும் கோளாறே இல்லை. அணைத்ததும் கூலண்ட் ஓட்டம் நிற்கிறது, டர்போவின் சூடு மட்டும் இன்ஜினுக்குள் பரவுகிறது. அதனால்தான் சில வண்டிகளில் ஃபேனும் ஒரு சிறு பம்பும் சில நிமிடம் ஓடும். டீசலில் டிபிஎஃப் கரியை எரித்துக்கொண்டிருக்கும்போது அணைத்தாலும் ஃபேன் இரைச்சலும் சூட்டு வாடையும் வரும். ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம் ஓடி பேட்டரியைக் காலி செய்தால் மட்டும், ஒட்டிக்கொண்ட ரிலேயைத் தேடுங்கள்.

கேஸ்கட் வரை போய்விட்டால்

ஹெட்டைக் கழற்றியாயிற்று என்றால் லேத்துக்கு அனுப்பி, ஸ்ட்ரெயிட் எட்ஜும் ஃபீலர் கேஜும் வைத்து வளைவைப் பார்க்கச் சொல்லுங்கள். விரிசல் சோதனையும் கேளுங்கள். எவ்வளவு வளைவு வரை பொறுக்கலாம், எவ்வளவு ஃபேஸிங் (பரப்பைச் சீவிச் சமமாக்குவது) செய்யலாம் என்பதெல்லாம் அந்த இன்ஜினின் கையேட்டில் இருக்கும். டீசலில் பிஸ்டன் வெளியே நீட்டும் அளவைப் பொறுத்து கேஸ்கட்டுக்குப் பல கனங்கள் உண்டு. ஓரத்தில் உள்ள துளை அல்லது வெட்டு எண்ணிக்கையைப் பழையதோடு ஒப்பிட்டு வாங்கச் சொல்லுங்கள். இழுபட்டு இறுகும் வகை ஹெட் போல்ட்டுகளை மறுபடி பயன்படுத்தக் கூடாது. புது செட்டுக்குக் காசு கேட்டால் தயங்காமல் கொடுங்கள். தெர்மோஸ்டாட், மூடி, கூலண்ட் மூன்றும் புதிதாக இருக்கட்டும். ஹெட் லேத்தில் கிடக்கும் நாட்களிலேயே ரேடியேட்டர், ஃபேன், பம்ப், பூஸ்ட் குழாய் எல்லாவற்றையும் மேலே சொன்ன வரிசையில் பார்த்துவிடுங்கள். சூடேறிய காரணம் அவற்றில் ஒன்றாக இருந்து, அதைக் கண்டுபிடிக்காமல் இன்ஜினை மூடினால் புதுக் கேஸ்கட்டும் அதே மலையில் போகும்.